நண்டு நடை போட்ட ஜீப்

நான்கு சக்கர வண்டி நேராகப் போவதற்கு எந்தச் சக்கரம் காரணம் என்று கேட்டால், பத்துக்கு ஒன்பது பேர் முன்சக்கரம் என்றுதான் சொல்வார்கள். ஸ்டீயரிங் அதோடுதானே சேர்ந்திருக்கிறது! ஆனால் அரசுத் துறைப் பணிமனை ஒன்றில் 31 வருஷம் ஜீப்புகளோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: வண்டி எந்தத் திசையில் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பின்னச்சு. முன்சக்கரம் அந்தத் திசைக்குத் தன்னைச் சரிப்படுத்திக்கொள்ளும், அவ்வளவுதான். பின்னச்சு ஒரு பக்கம் கோணலாக உட்கார்ந்துவிட்டால், முன்னால் என்னதான் திருகினாலும் வண்டி கோணலாகத்தான் போகும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. எங்கள் போடிப் பக்கத்தில் ஜீப்பை உயர்த்திக் கட்டுவது இளவட்டங்களிடம் ஒரு வழக்கமாகிவிட்டது. சிலருக்கு அது ஆசை. ஆனால் சிலருக்குப் பிழைப்பு. போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாக 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டைத் தாண்டினால் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜாக்காடு என்று ஏலத்தோட்டங்கள். தார்ச்சாலை வரைக்கும் எந்த வண்டியும் போகும். அதற்கப்புறம் தோட்டத்துக்குள் போகிற பாதை இருக்கிறதே, மழை பெய்துவிட்டால் அது பாதையா ஓடையா என்று சொல்ல முடியாது. அங்கே ஜீப்தான் தெய்வம். நம் வயதுக்காரர்களுக்கு இதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

என் சிநேகிதர் ஒருவர், இப்போது இல்லை. அவருடைய மகன் பூப்பாறைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறான். அப்பா விட்டுப்போன பழைய குட்டைச் சேசிஸ் மகேந்திரா ஜீப் ஒன்று அவனிடம் இருக்கிறது. காய் எடுப்புக் காலத்தில் அதிகாலையில் அம்மா, மனைவி, இரண்டு சித்திமார், அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் என்று ஏற்றிக்கொண்டு போவான். சாயங்காலம் ஆட்களோடு காய் மூட்டையும் இறங்கும். பாதையில் கல் தட்டுகிறது என்று, பெரிய டயர் போட்டு வண்டியை உயர்த்திக் கட்டிக்கொண்டு வந்தான். எங்கே செய்தான் என்பது வேண்டாம். செய்தவர்களும் பிழைக்கத்தான் வேண்டும்.

உயர்த்திய மூன்றே மாதத்தில் பின் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் இரண்டு முறை போனது. 40 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் தரையெல்லாம் அதிர்ந்தது. ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பிப் பிடித்தால்தான் வண்டி நேரே போனது. பின் டயர்கள் புதுசு, அதற்குள் ரம்பப் பல் மாதிரி தேய ஆரம்பித்துவிட்டன. வீல் அலைன்மென்ட் கடைக்கு இரண்டு முறை போயிருக்கிறான். அவர்கள் முன்சக்கரத்தைச் சரிபார்த்து, ஸ்டீயரிங் வட்டை நேராக்கிக் கொடுத்திருக்கிறார்கள். வட்டு நேரானதே தவிர வண்டி நேராகவில்லை.

அவன் அம்மாதான் என் வீட்டுக்கு வந்து சொன்னது. "அண்ணே, வண்டி ஒரு பக்கமாப் போகுதுண்ணே. பின்னாடி உக்காந்தா ரோட்டப் பாத்து உக்காந்த மாதிரியே இல்ல. இவன் கேட்டா ஒண்ணுமில்லம்மாங்குறான்."

அந்த அம்மாள் படித்தவர் இல்லை. ஆனால் முப்பது வருஷமாக ஜீப்பின் பின் பலகையில் உட்கார்ந்து மலை ஏறியவர். இதைவிடச் சரியாக ஒரு மெக்கானிக்கும் சொல்ல முடியாது. நான் இதற்கு வைத்திருக்கிற பெயர் நண்டு நடை. மூக்கு ஒரு பக்கம் பார்க்க, வண்டி வேறு பக்கம் போகும்.

இந்த இடத்தில் பழைய ஜீப்பைப் பற்றி ஒரு சங்கதி சொல்லியாக வேண்டும். நான் ஏன் அன்றைக்கே வண்டியை நிறுத்தச் சொன்னேன் என்பது அப்போதுதான் விளங்கும். மற்ற வண்டிகளில் கைப்பிரேக் பின்சக்கரத்தைப் பிடிக்கும். வில்லிஸ் வழி வந்த இந்தப் பழைய ஜீப்புகளில் அப்படியில்லை. டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால், புரொப்பெல்லர் ஷாஃப்ட் புறப்படுகிற இடத்தில் ஒரு சின்ன டிரம் இருக்கும். கைப்பிரேக் அதைத்தான் பிடிக்கும். அதாவது கைப்பிரேக்குக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரே சம்பந்தம் அந்த ஷாஃப்ட். ஏற்றத்தில் கிராஸ் உடைந்து ஷாஃப்ட் கழன்று விழுந்தால், இழுவையும் போச்சு, கைப்பிரேக்கும் போச்சு. கால் பிரேக் ஒன்றுதான் மிச்சம். முன்சக்கர இழுவையைப் போட்டுவிட்டால் கைப்பிரேக் முன்சக்கரம் வழியாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் கொண்டை ஊசி வளைவில், பின்னால் ஆறு பெண்களை வைத்துக்கொண்டு, வண்டி பின்னோக்கி உருள ஆரம்பித்த பிறகு அந்த லீவரைத் தேட யாருக்கு நிதானம் இருக்கும்?

அவனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "என்ன செய்யணும் பெரியப்பா?" என்றான்.

"முதல்ல அளக்கணும். அளக்காம ஒரு போல்ட்டையும் தொடக்கூடாது" என்றேன்.

எதை அளப்பது என்று சொல்வதற்கு முன், பின்னச்சு எப்படி நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கமான் பட்டை வண்டியில் பின்னச்சைப் பிடித்துக்கொள்ளத் தனியாகக் கம்பியோ கையோ கிடையாது. பட்டைதான் எல்லாம் செய்கிறது. பாரம் தாங்குவது ஒன்று. இழுக்கும்போதும் பிரேக் போடும்போதும் அச்சு முறுக்கிக்கொள்ளாமல் பிடிப்பது இரண்டு. அச்சு முன்னே பின்னே நகராமல் அதன் இடத்தில் வைத்திருப்பது மூன்று. பட்டையின் முன்காது சேசிஸில் நிலையாகப் பூட்டியிருக்கும். பின்காது சாக்கிளில் தொங்கும், பட்டை நீளும்போதும் சுருங்கும்போதும் ஆடிக்கொடுக்கும். பட்டைக்கு நடுவில் சென்டர் போல்ட். அதன் தலை, அச்சின் மேல் பற்றவைத்திருக்கிற ஸ்பிரிங் சீட்டின் ஓட்டையில் போய் உட்காரும். யூ போல்ட்கள் இறுக்கிப் பிடிக்கத்தான். இடத்தைக் காட்டுவது அந்தச் சுண்டுவிரல் கனமுள்ள சென்டர் போல்ட் தலை. ஆக, முன்காதிலிருந்து சென்டர் போல்ட் வரைக்கும் இரண்டு பக்கமும் தூரம் ஒன்றாக இருந்தால் அச்சு நேர். இல்லாவிட்டால் கோணல். இவ்வளவுதான் சூத்திரம்.

அசல் ஜீப்பில் பட்டை அச்சுக்குக் கீழே இருக்கும். உயர்த்துகிறவர்கள் அதை அச்சுக்கு மேலே மாற்றிவிடுகிறார்கள். அச்சுக் குழாயின் கனமும் பட்டைக் கட்டின் கனமும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்து அங்குலம் வண்டி உயர்ந்துவிடும். இதற்குப் பழைய சீட் உதவாது. குழாயின் மேல்பக்கம் புதுசாக இரண்டு சீட் பற்றவைக்க வேண்டும். விஷயமே இங்கேதான் இருக்கிறது. தொழிற்சாலையில் அந்தச் சீட்டை அச்சில் வைத்தது ஒரு பெரிய தாங்கியில் பூட்டி, இம்மி பிசகாமல். இங்கே வைப்பது ஒரு ஆள், கண் மதிப்பில், வெல்டிங் புகைக்கு நடுவே.

இவன் வண்டியில் அது போதாதென்று பின்பக்கம் மூன்று அங்குலம் நீளமான சாக்கிளும் மாட்டியிருந்தார்கள், இன்னும் கொஞ்சம் உயரத்துக்காக.

அளப்பதற்குப் பெரிய யந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. எங்கள் தெருக் கொத்தனாரிடம் இரண்டு தூக்குக்குண்டு, ஒரு ரசமட்டம், நூல்கண்டு, சுண்ணாம்புப் பொடி வாங்கிக்கொண்டேன். காய் உலர்த்துகிற சிமெண்ட் களம் ஒன்றில் வண்டியை நிறுத்தினோம். நான்கு டயரிலும் பக்கத்துக்குப் பக்கம் ஒரே காற்று. ஜாக்கி போடக்கூடாது. வண்டி அதன் சொந்தக் காலில் நிற்க வேண்டும். இரண்டு முறை முன்னும் பின்னும் கையால் தள்ளி, பட்டைகள் இயல்பாக அமரும்படி விட்டோம்.

பிறகு தூக்குக்குண்டு. பின் பட்டைகளின் முன்காது போல்ட்டிலிருந்து இரண்டு பக்கமும் குண்டை இறக்கித் தரையில் சாக்பீஸ் புள்ளி. சேசிஸின் முன்கோடியில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற ஓட்டைகளிலிருந்து இரண்டு புள்ளி. பின் ஹப்புகளின் நடுவிலிருந்து இரண்டு புள்ளி. மொத்தம் ஆறு. பிறகு வண்டியைத் தள்ளி ஓரம் கட்டிவிட்டோம். தரையில் இப்போது வண்டி இல்லை, ஆனால் வண்டியின் எலும்புக்கூடு இருக்கிறது. படுத்துக்கொண்டு அழுக்குக்குள் டேப் பிடிக்க வேண்டியதில்லை. உட்கார்ந்து நிதானமாக அளக்கலாம்.

முதலில் சேசிஸ் சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன் இடதிலிருந்து பின் வலது, முன் வலதிலிருந்து பின் இடது என்று மூலைக்கு மூலை அளந்தோம். வித்தியாசம் ஒரு நூல்கூட இல்லை. அவன் அப்பா வண்டியை எங்கேயும் இடித்ததில்லை என்பது தெரிந்தது. சேசிஸே கோணியிருந்தால் அச்சைச் சரிசெய்து பிரயோஜனம் இல்லை என்பதால்தான் இதை முதலில் பார்ப்பது. பாடியிலிருந்து அளக்கவே கூடாது. பாடி தகரம். எத்தனையோ கை பட்டு நகர்ந்திருக்கும்.

அப்புறம் முன்காதுப் புள்ளியிலிருந்து ஹப் புள்ளிக்கு. வலது பக்கம் 21 அங்குலம். இடது பக்கம் இருபதரை. நான்கு நூல் வித்தியாசம். அதாவது இடது பின்சக்கரம் வலதைவிட அரை அங்குலம் முன்னால் நிற்கிறது.

"அரை இஞ்ச்தானே பெரியப்பா?" என்றான்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். இந்த ஜீப்பில் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே அகலம் ஏறக்குறைய 48 அங்குலம். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் தூரம் 80 அங்குலம். 48 அங்குலத்தில் அரை அங்குலம் கோணல் என்றால் 80 அங்குலத்தில் முக்கால் அங்குலத்துக்கும் மேல். பின்பக்கம் அவ்வளவு தூரம் வலதுபுறம் விலகித்தான் ஓடும். டிகிரிக் கணக்கில் அரைக்குக் கொஞ்சம் மேல்தான். ஆனால் ஸ்டீயரிங் வட்டில் அது பத்து டிகிரிக்குப் பக்கமாகத் தெரியும். கிலோமீட்டர் கிலோமீட்டராக டயரைப் பக்கவாட்டில் இழுத்துத் தேய்த்துக்கொண்டே போகும்.

இந்த முறையை நான் கண்டுபிடித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். சின்ன வயதில் எங்கள் ஊர் ஆசாரி மாட்டுவண்டிக்கு அச்சு பூட்டும்போது, மூக்கணையில் கயிற்றை முடிந்து இடது சக்கரத்துக் குடம் வரை இழுத்துப் பிடிப்பார். அதே கயிற்றை வலது குடத்துக்கும் கொண்டுபோவார். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அச்சாணி. இல்லையென்றால் மாடு ஒன்று எப்போதும் அதிகமாக இழுத்துக் கழுத்துப் புண்ணாகும் என்பார். மோட்டார் வண்டியில் கழுத்து புண்ணாவதற்குப் பதில் டயர் தேய்கிறது.

இனி ஷாஃப்ட். கிராஸ் என்று நாம் சொல்கிற யூனிவர்சல் ஜாயின்டுக்கு ஒரு குணம் உண்டு. நேராக இருந்தால் ஒழுங்காகச் சுழலும். மடங்கிய நிலையில் சுழன்றால், ஒரே சீராக உள்ளே வருகிற சுழற்சி, வெளியே போகும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகமாகி இரண்டு முறை மெதுவாகும். அதனால்தான் ஷாஃப்டின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு கிராஸ் வைக்கிறார்கள். முதலாவது செய்கிற குழப்பத்தை இரண்டாவது சரிசெய்துவிடும். ஆனால் அதற்கு நிபந்தனை, இரண்டும் ஒரே அளவு மடங்கியிருக்க வேண்டும். டிரான்ஸ்பர் கேஸின் வெளி அச்சும் பினியனின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக, தண்டவாளம் மாதிரி இருக்க வேண்டும். இது கலைந்தால் அதிர்வு வரும், கிராஸ் தின்னும்.

பழைய குட்டை ஜீப்பில் பின் ஷாஃப்ட் ஏறக்குறைய இருபது அங்குலம்தான். ஐந்து அங்குலம் உயர்த்தினாலே அது இன்னும் 14 டிகிரி செங்குத்தாகச் சாயும். லாரி மாதிரி நீள ஷாஃப்டாக இருந்தால் இது ஒன்றுமே இல்லை. குட்டை ஷாஃப்டுக்கு அதுவே பெரிய சுமை. அதற்கு மேல் கோணமும் சமமில்லை என்றால் எப்படித் தாங்கும்? ரசமட்டத்தோடு கோணமானியைச் சேர்த்து வைத்துப் பார்த்தோம். டிரான்ஸ்பர் கேஸ் பின்னோக்கி மூன்று டிகிரி இறங்கியிருந்தது. பினியன் மூக்கு அதே மூன்று டிகிரிதான் மேல்நோக்கி இருக்க வேண்டும். இருந்ததோ ஏழு. அதிகப்படி நான்கு டிகிரி எங்கிருந்து வந்தது? நீளச் சாக்கிளிலிருந்து. பின் பட்டையின் நீளம் சுமார் 42 அங்குலம். அதன் பின்காதை மட்டும் மூன்று அங்குலம் கீழே இறக்கினால் பட்டை முழுவதும் பின்னால் சாயும். பட்டையோடு அச்சும் உருளும், பினியன் மூக்கு நிமிர்ந்துவிடும். கணக்குப் போட்டால் சரியாக நான்கு டிகிரி வருகிறது. அளவும் கணக்கும் ஒத்துப்போனபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதி, சர்வீஸில் இருந்தபோதுகூட அபூர்வம்.

ஆக நோய் இரண்டு. கோணல் ஒன்று, நிமிர்ச்சி ஒன்று. இரண்டாவதுக்கு வைத்தியம் சுலபம், நீளச் சாக்கிளைக் கழற்றி அசல் சாக்கிளைப் போடுவது. அங்கேதான் அவன் மறுத்தான்.

"ஒன்றரை இஞ்ச் போயிருமே. அப்புறம் கல்லு தட்டும்."

பேசாமல் அவனைக் கீழே குனிந்து டிஃபரன்ஷியல் குடத்துக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளக்கச் சொன்னேன். ஒன்பது அங்குலம். அசல் சாக்கிளை மாட்டிவிட்டு மறுபடி அளக்கச் சொன்னேன். அதே ஒன்பது அங்குலம். எத்தனை முறை அளந்தாலும் ஒன்பதுதான். ஏனென்றால் அச்சு நிற்பது டயரின் மேல். பட்டையையும் சாக்கிளையும் மாற்றினால் உயர்வது சேசிஸும் பாடியும்தான். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கிறது. கல் தட்டுவது பெரும்பாலும் அந்தக் குடத்தில். அதை உயர்த்துவது பெரிய டயர் ஒன்றுதான். உயர்த்திக் கட்டுவது அந்தப் பெரிய டயர் பாடியில் உரசாமல் இருக்க இடம் கொடுக்கிறது. அதற்குத் தேவையான அளவு உயர்த்தினால் போதும். அதற்கு மேல் ஏற்றுகிற ஒவ்வொரு அங்குலமும் கண்ணுக்கு அழகு, வளைவுக்கு ஆபத்து. சக்கர அகலம் அதே 48 அங்குலம்தான். உயரம் மட்டும் கூடினால் வளைவில் வண்டி சாய்கிற அளவும் கூடும். இதை நான் வாயால் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டான். அவன் கையில் இருந்த டேப் சொன்னதால் கேட்டான்.

கோணலுக்கு வைத்தியம்தான் கஷ்டம். பட்டையைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டு பட்டையிலும் சென்டர் போல்ட் சரியான தூரத்தில்தான் இருந்தது. இடது பக்கச் சீட்டின் ஓட்டைதான் குழாயின் நடுக்கோட்டிலிருந்து மூன்று நூல் தள்ளிப் பற்றவைக்கப்பட்டிருந்தது. சீட்டில் மூன்று நூல், சக்கரத்துக்கு வரும்போது நான்கு நூலாகிவிடுகிறது. சிலர் இந்த இடத்தில் சீட் ஓட்டையை அரம் போட்டு நீளமாக்கி, அச்சைத் தள்ளி யூ போல்ட்டை இறுக்கிவிடுவார்கள். அதைச் செய்யவே கூடாது. நீண்ட ஓட்டையில் சென்டர் போல்ட்டுக்குப் பிடிப்பு கிடையாது. முதல் பெரிய பிரேக்கில் அச்சு பழைய இடத்துக்கு, சில சமயம் அதற்கும் அப்பால் போய்விடும்.

அச்சைக் கீழே இறக்கி, தேனியில் ஒரு நல்ல வெல்டிங் ஆளிடம் கொண்டுபோனோம். இடது சீட்டைக் கிரைண்டரால் அறுத்தெடுத்து, குழாயைச் சுத்தம் செய்து, நடுக்கோடு கிழித்து, சீட்டை நான்கு பொட்டு மட்டும் வைத்துப் பிடித்தார். முழுசாகப் பற்றவைக்கவில்லை. அப்படியே திரும்பக் கொண்டுவந்து, பட்டையில் பூட்டி, வண்டியை இறக்கி, மறுபடியும் தூக்குக்குண்டு, மறுபடியும் ஆறு புள்ளி. வலது 21, இடது 21-க்கு அரை நூல் குறைவு. பினியன் மூன்று டிகிரி. அதன் பிறகுதான் முழு வெல்டிங். அதிலும் ஒரே மூச்சில் ஓட்டக்கூடாது. ஒரு அங்குலம் இந்தப் பக்கம், ஆறவிட்டு ஒரு அங்குலம் அந்தப் பக்கம். ஒரே பக்கம் சூடு ஏறினால் ஹவுசிங் குழாயே வளைந்துவிடும். அப்புறம் உள்ளே ஆக்ஸில் ஷாஃப்டும் பேரிங்கும் படாத பாடு படும். அந்த வெல்டிங் தம்பி இதெல்லாம் நான் சொல்லாமலேயே செய்தார். தொழில் தெரிந்த கையைப் பார்ப்பதே ஒரு சுகம்.

வண்டி பிரிந்திருக்கும்போதே மற்றவற்றையும் பார்த்துவிட்டோம். பின்னச்சுக்குப் போகிற பிரேக் ரப்பர் ஹோஸ், சக்கரம் தொங்கும்போது வில்நாண் மாதிரி விறைத்தது. நீளமான ஹோஸ் மாற்றினோம். உயர்த்தியதால் ஷாஃப்டின் ஸ்லிப் ஜாயின்ட் வெளியே இழுபட்டு, உள்ளே பிடித்திருக்கிற பல் நீளம் குறைந்துபோயிருந்தது. ஷாஃப்டையும் அதற்கேற்ற நீளத்துக்கு மாற்றினோம். மாட்டும்போது இரண்டு கோடி யோக்கும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் செய்த வேலையெல்லாம் வீண். யூ போல்ட்டை ஒரு வாரம் ஓட்டிய பிறகு மறுபடி முறுக்கினோம். புதிதாகப் பூட்டிய பட்டை அமுங்கி இடம் கொடுக்கும், முறுக்கு தளரும்.

இது கமான் பட்டை வண்டியின் கதை. இப்போது வருகிற ஜிம்னி, புதுத் தார் போன்றவற்றில் பின்னச்சு ஒரே கட்டையாக இருந்தாலும் சுருள் ஸ்பிரிங். சுருள் பாரம் தாங்குமே தவிர அச்சைப் பிடிக்காது. அதற்குத் தனிக் கைகள் இருக்கின்றன. பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது, ஒரு கோடி சேசிஸிலும் மறு கோடி அச்சிலும் பூட்டிய நீளக் கம்பி. பான்ஹார்ட் ராட் என்பார்கள். வண்டியை உயர்த்தினால் அந்தக் கம்பி கடிகார முள் மாதிரி வட்டமாக இறங்கும். கம்பியின் நீளம் மாறாது, அதனால் அச்சு ஒரு பக்கமாக இழுபடும். ஒரு பக்க டயர் வெளியே எட்டிப்பார்க்கும், மறு பக்கம் உள்ளே போகும். இது நண்டு நடை இல்லை. அச்சு கோணவில்லை, பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரியான ராட் போட்டோ, அச்சுப் பக்கத்துப் பிடியை உயர்த்தியோ சரிசெய்யலாம். சேசிஸிலிருந்து இரண்டு பக்க டயருக்கும் தூரம் அளந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

சட்டத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. விபத்து என்று ஒன்று வந்துவிட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான். இதையும் அவனிடம் சொன்னேன். தோட்டத்துக்குள் வண்டி எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், மெட்டு ரோட்டில் ஆள் ஏற்றுவதாக இருந்தால் வாடகைக்கு வேறு வண்டி பிடி என்றேன். இந்த வருஷக் காய் எடுப்புக்குப் பெண்கள் பூப்பாறை வரை வேறு ஜீப்பில் போகிறார்கள். அங்கிருந்து தோட்டத்துக்குத்தான் இவன் வண்டி. செலவு கொஞ்சம் கூடத்தான். அவன் அம்மா கணக்குப் பார்க்காமல் சம்மதித்துவிட்டார்.

வேலை முடிந்ததும் களத்தில் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றி, அதன் மேல் வண்டியை நேராக ஓட்டச் சொன்னேன். இந்த ஜீப்பில் முன்னும் பின்னும் ஒரே அகலம். அதனால் முன்சக்கரம் போட்ட ஈரத் தடத்தின் மேலேயே பின்சக்கரத் தடம் விழ வேண்டும். விழுந்தது. வெயிலில் அது காய்கிற வரைக்கும் அவன் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

இதைப் படிப்பவர்கள் வீட்டிலும் மகனோ பேரனோ வண்டியை உயர்த்தப் போகிறேன் என்று நின்றால், தடுத்தாலும் கேட்கப்போவதில்லை. ஒன்று மட்டும் செய்யச் சொல்லுங்கள். வண்டியைக் கடையில் விடுவதற்கு முன், அசல் நிலையில் இருக்கும்போதே, முன்காதிலிருந்து ஹப்புக்கு இரண்டு பக்கத் தூரம், மூலைக்கு மூலை அளவு, பினியன் சாய்வு, குடத்துக்கும் தரைக்கும் உள்ள உயரம், நான்கையும் அளந்து ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது அதே நான்கையும் கடைக்காரர் முன்னாலேயே அளக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் ஆகும். தூக்குக்குண்டு எந்தக் கொத்தனாரிடமும் கிடைக்கும்.